திருகோணமலை – கொழும்பு: 260 கிலோமீற்றருக்கு ஏன் ஒரு முழு இரவு?

ஹபரணைப் பக்கம் ரயில் யானையில் மோதியது என்று செய்தி வந்தால், அன்று பின்னேரம் திருகோணமலையில் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மோதினது மட்டக்களப்பு ரயில்தானே, எங்கட ரயில் ஏன் ஓடேல்ல?" மத்திய அதிவேகப் பாதை வேலை மறுபடி தொடங்கியது என்று செய்தி வந்தால் கேள்வி மாறும்: "இனி நாலு மணித்தியாலத்தில கொழும்புக்குப் போயிடலாமாமே?" இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் கிடக்கிறது. திருகோணமலையையும் கொழும்பையும் இணைக்கிற பாதைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று தெரிந்தால் போதும். கால அட்டவணை வருடத்துக்கு ஒரு தடவையாவது மாறும். பாதை மாறுவதில்லை.

முதலில், எந்தத் தலைநகர்?

சட்டப்படி இலங்கையின் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. 1982 ஏப்ரலில் தியவன்னா ஓயாவின் நடுவே புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்டதிலிருந்து அப்படித்தான். ரயிலும் தூர இடத்து பஸ்ஸும் கொண்டுபோய் இறக்குவது கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும். பெயரில் இரண்டும் கோட்டைதான். இடையில் உள்ள தூரம் சுமார் 10 கிலோமீற்றர். காலை நெரிசலில் அது ஒரு மணித்தியாலத்தைக்கூடச் சாப்பிட்டுவிடும்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. திருகோணமலையிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இருப்பது பத்தரமுல்லையில் (கடவுச்சீட்டு, அடையாள அட்டை, கல்வி அமைச்சு), மகரகமவில் (புற்றுநோய் வைத்தியசாலை), வெள்ளவத்தையில் (உறவினர் வீடு), அல்லது கட்டுநாயக்கவில் (விமான நிலையம்). புறக்கோட்டையில் வேலை இருக்கிறவர் வியாபாரிதான்.

ரயில்: கிளையின் கிளையின் கிளை

கோட்டையிலிருந்து புறப்படும் ரயில் முதலில் கண்டிக்குப் போகும் பிரதான பாதையில் பொல்கஹவெல வரை போகிறது. அங்கே வடக்குப் பாதை பிரிகிறது. அதில் குருநாகல் தாண்டி மாகோ. மாகோவில் யாழ்ப்பாணப் பக்கம் போகாமல் கிழக்கே திரும்பி அவுக்கன, கெக்கிராவ, ஹபரணை வழியாக கல்ஓயாச் சந்தி. அங்கே மறுபடி பிரிவு: நேரே போனால் மின்னேரியா, பொலன்னறுவை, மட்டக்களப்பு. வடக்கே திரும்பினால் அக்போபுர, கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா, திருகோணமலை. இந்தக் கடைசித் துண்டு சுமார் 70 கிலோமீற்றர். மொத்த ரயில் தூரம் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். வீதியால் போனால் 260தான்.

(கல்ஓயா என்றதும் பலருக்கு அம்பாறையின் கல்லோயாத் திட்டம் நினைவுக்கு வரும். அது வேறு, நூறு கிலோமீற்றருக்கு அப்பால். இது காட்டு நடுவே இருக்கும் ஒரு ரயில் சந்தி.)

இப்போது யானைக் கேள்விக்கு வருவோம். பாதை எங்கே அடைபட்டது என்பதைப் பொறுத்து விளைவு மூன்று விதம்:

1. மாகோவுக்கும் கல்ஓயாவுக்கும் இடையில் அடைபட்டால் மட்டக்களப்பு ரயிலும் நிற்கும், திருகோணமலை ரயிலும் நிற்கும். சுற்றிப்போக வேறு தண்டவாளம் கிடையாது.
2. கல்ஓயாவுக்குக் கிழக்கே, மின்னேரியாப் பக்கம் அடைபட்டால் மட்டக்களப்புக்குத்தான் போக முடியாது. திருகோணமலை ரயில் கொள்கையளவில் ஓடலாம். ஆனால் எஞ்சினும் பெட்டியும் பணியாளரும் மாட்டிக்கொண்டால் அதுவும் பிந்தும்.
3. கல்ஓயாவுக்கு வடக்கே அடைபட்டால் திருகோணமலை மட்டும் துண்டிக்கப்படும். அப்படியான நாளில் கல்ஓயா வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் போக வேண்டிவரும்.

ஆகவே செய்தியில் "கிழக்கு ரயில் சேவை பாதிப்பு" என்று பார்த்தவுடனே பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையில் என்று தேடிப் பாருங்கள். செய்தி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை என்பது வேறு கதை.

ஒற்றைத் தண்டவாளமும் ஒரு வில்லையும்

ரயில் ஏன் மெதுவாகப் போகிறது என்றால் "பழைய எஞ்சின்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பொல்கஹவெலவுக்கு அப்பால் பாதை ஒற்றை என்பது. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் நிலையத்தில் மட்டும்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். ஒன்று பிந்தினால் மற்றது எங்கோ ஒரு சின்ன நிலையத்தில் காத்துக்கிடக்கும். அந்தத் தாமதம் அடுத்த ரயிலுக்கும் தொற்றும்.

கிழக்குப் பாதையில் பயணம் செய்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். ரயில் நிலையத்துக்குள் வேகத்தைக் குறைத்து நுழையும்போது மேடையில் ஒருவர் பெரிய வளையம் ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்பார். வளையத்தின் கீழே தோல் பை; பைக்குள் ஒரு வட்ட உலோக வில்லை. சாரதியின் உதவியாளர் கையை வெளியே விட்டு அந்த வளையத்தைத் தோளோடு வாங்கிக்கொண்டு, முன்பு வாங்கிய வளையத்தை மேடையில் வீசிவிடுவார். அந்த வில்லைதான் அடுத்த நிலையம் வரைக்குமான அனுமதி. இரண்டு நிலையங்களிலும் உள்ள இயந்திரங்கள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்க முடியாது. வில்லை இல்லாமல் சாரதி நகரவும் கூடாது. நூறு வருடம் பழைய முறை. ஆனால் நேருக்கு நேர் மோதலைத் தடுப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. அதற்குக் கொடுக்கிற விலை நேரம்.

இதே தண்டவாளத்தில் சரக்கும் போகிறது. திருகோணமலைப் பாதை 1920களின் பிற்பகுதியில் போடப்பட்டபோதே துறைமுகம்தான் மனதில் இருந்தது. இன்றும் சீனக்குடாவிலிருந்து கோதுமை மா ரயிலில் போகிறது. பயணிகள் இந்தப் பாதையின் ஒரே வாடிக்கையாளர்கள் இல்லை.

அப்புறம் யானை. ஹபரணை, மின்னேரியா, கவுடுல்ல ஆகிய மூன்றும் யானைகள் நடமாடும் ஒரே வட்டாரம். வறட்சிக் காலத்தில் மின்னேரியாக் குளத்தில் அவை கூட்டமாகச் சேர்வதைப் பார்க்கவே வெளிநாட்டவர் வருகிறார்கள். தண்டவாளம் அந்த வட்டாரத்தை ஊடறுத்துப் போகிறது. 2024 ஒக்டோபரில் எரிபொருள் ஏற்றிய ரயில் ஒன்று மின்னேரியாப் பகுதியில் யானைகளில் மோதித் தடம் புரண்டது. 2025 பெப்ரவரி 20 அதிகாலை, மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கி வந்த மீனகயா கடுகதி கல்ஓயாப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகளாவது செத்தன. அதன்பிறகு அந்தப் பகுதியில் இரவு ரயில்களுக்கு வேகக் கட்டுப்பாடும் நேர மாற்றமும் வந்தன.

வேகத்தைக் குறைத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: பாரமான ரயில் பிரேக் போட்ட இடத்தில் நிற்காது, பல நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும். வளைவில் முன்விளக்கு காட்டுகிற தூரம் அதைவிடக் குறைவு. சாரதி யானையைக் காணும்போது காலம் கடந்திருக்கும். வேகம் பாதியானால் நிற்க வேண்டிய தூரம் பாதியைவிடவும் நன்றாகக் குறையும், கணக்கு அவ்வளவுதான். இரவு ரயில் அரை மணித்தியாலம் பிந்துகிறது என்று சலிப்பவர்கள் இதையும் நினைக்கலாம்.

சாதாரண நாளில் இரவு ரயிலுக்குச் சுமார் 8 மணித்தியாலம் பிடிக்கும். ஆசனப் பதிவு 30 நாளுக்கு முன் திறக்கிறது, இணையத்திலும் செய்யலாம். பதிவில் கொடுத்த அடையாள அட்டை இலக்கம் பயணிக்கிறவருடையதாகவே இருக்க வேண்டும். கள்ளச் சந்தையில் சீட்டு விற்பதைத் தடுக்க இந்த விதியை இறுக்கியிருக்கிறார்கள். அண்ணன் பெயரில் போட்டுவிட்டுத் தம்பி போகிற பழக்கம் இனிச் சரிவராது. பகலில் நேரடி ரயில் இல்லாத காலங்களில், கல்ஓயாவில் மட்டக்களப்பு ரயிலுக்கு மாறுவதுதான் பழைய வழி.

பஸ்: 49ஆம் இலக்கமும் அதன் அண்ணன் 48உம்

பஸ் போகிற வழி எளிது. கொழும்பிலிருந்து கண்டி வீதியில் அம்பேபுஸ்ஸ வரை சுமார் 60 கிலோமீற்றர். அங்கே இடப்பக்கம் திரும்பினால் ஏ6 வீதி. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகச் சுமார் 200 கிலோமீற்றர் ஓடி திருகோணமலையில் முடிகிறது. இந்த வழிக்கு இலக்கம் 49.

48ஆம் இலக்கம் ஹபரணை வரை அதே வீதியில் வந்து, அங்கே பொலன்னறுவை, மட்டக்களப்புப் பக்கம் திரும்பிவிடும். புறக்கோட்டையில் அவசரத்தில் "கந்தளாய் போகுமா?" என்று கேட்காமல் 48இல் ஏறினால், ஹபரணைச் சந்தியில் இறங்கி நிற்க வேண்டியதுதான். பகல் என்றால் பரவாயில்லை, பின்னால் 49 வரும்.

மொத்த நேரம் 6 முதல் 7 மணித்தியாலம். ரயிலைவிடக் குறைவு. ஆனால் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடையிலான 85 கிலோமீற்றரில் பஸ் பறக்கும். காடும் குளமும் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. நேரம் கரைவது மறுபக்கத்தில். தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் இருப்பதால் மரக்கறி லொறிகள் இரவிலும் வீதியை அடைக்கும். கலேவெல, மெல்சிரிபுர, இப்பாகமுவ என்று கடைத்தெருக்கள் வரிசையாக வரும். பிறகு வறக்காபொல, நிட்டம்புவ, கடவத்தை. திருகோணமலையில் வீதியைச் சீராக்கினால் கொழும்பு கிட்டவாகும் என்ற எண்ணம் தவறு. தாமதத்தின் பெரும்பகுதி குருநாகலுக்கு அந்தப் பக்கம்தான்.

யார் ஓட்டுவது, யார் கட்டணம் போடுவது

சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபை, அதாவது இ.போ.ச. மற்றவை தனியார் பஸ். இரண்டும் ஒரே இலக்கத்தில் ஓடும். பயணியைக் குழப்புவது அனுமதிப்பத்திர விடயம்:

1. ஒரு மாகாணத்துக்குள் மட்டும் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது அந்த மாகாண அதிகாரசபை. மூதூர், கிண்ணியா, புல்மோட்டை போகிற பஸ்கள் இப்படி.
2. மாகாண எல்லை தாண்டினால் அனுமதி கொடுப்பது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. 49 இந்த வகை. கொழும்பு பஸ்ஸில் பிரச்சினை என்றால் முறைப்பாட்டை மாகாண அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பயன் இல்லை. பஸ் இலக்கம், நேரம், சீட்டு மூன்றையும் வைத்துக்கொண்டு ஆணைக்குழுவுக்குத்தான் சொல்ல வேண்டும்.

கட்டணம் தூரத்தைச் சிறு கட்டணப் பிரிவுகளாக வெட்டி நிர்ணயிக்கப்படுகிறது. வருடாந்தத் திருத்தம் யூலையில் வருவது வழக்கம். எரிபொருள் விலை கடுமையாக மாறினால் இடையிலும் வரும். சாதாரண பஸ்ஸின் கட்டணம் ஒரு பங்கு என்றால் அரைச் சொகுசு ஒன்றரைப் பங்கு, குளிரூட்டிய சொகுசு இரண்டு பங்கு. ஏறுமுன் கண்ணாடியில் உள்ள பலகையைப் பாருங்கள். அரைச் சொகுசில் மிச்ச அரைப் பங்குக்கு யன்னல் திரையைத் தவிர என்ன கிடைக்கிறது என்பது பல வருட வழக்கு. தூரப் பயணத்தில் காசு கொடுப்பதென்றால் முழுச் சொகுசுக்குக் கொடுப்பது மேல். இல்லாவிட்டால் சாதாரண பஸ் போதும். ரயிலின் மூன்றாம் வகுப்பு இவை எல்லாவற்றையும்விட மலிவு.

2025இல் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. இ.போ.ச.வையும் தனியாரையும் ஒரே கால அட்டவணைக்குள் கொண்டுவரும் திட்டம் வந்தபோது, ஆகஸ்ட் இறுதியில் இ.போ.ச. தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பு செய்தன. பயணியின் பக்கமிருந்து பார்த்தால் கூட்டு அட்டவணை நல்லதுதான். ஒரே நேரத்தில் இரண்டு பஸ் போட்டிபோட்டு ஓடுவதும், அடுத்த ஒன்றரை மணித்தியாலம் தரிப்பிடம் வெறிச்சோடிக் கிடப்பதும் அதனால் குறையும். தொழிற்சங்கங்களின் பயம் வேறு: வருமானம் தரும் நேரங்கள் தனியாருக்குப் போய்விடும் என்பது. அதே மாதம் புறக்கோட்டை மத்திய பஸ் நிலையத்தின் புதுப்பிப்பு வேலையும் தொடங்கி, பஸ்கள் பக்கத்து இடங்களுக்கு மாற்றப்பட்டன. ஆகவே திரும்பி வரும்போது "முந்தி நின்ற இடம்" என்ற நினைவை நம்பாமல் நடத்துநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அதிவேகப் பாதை வந்தால்?

மத்திய அதிவேகப் பாதையில் மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான சுமார் 40 கிலோமீற்றர் 2022 யனவரியில் திறக்கப்பட்டது. கொழும்புப் பக்கத்தை அதோடு சேர்க்க வேண்டிய கடவத்தை – மீரிகமத் துண்டு நாட்டின் கடன் நெருக்கடியோடு நின்றுபோய், 2025 செப்டெம்பரில் சீனக் கடனுதவியோடு மறுபடி தொடங்கியது. அது முடிந்தால் கொழும்பிலிருந்து குருநாகல் வரை நெரிசல் இல்லாமல் போகலாம். தாமதம் அதிகம் அந்தப் பக்கம்தான் என்பதால் திருகோணமலைக்கு இதில் உண்மையான லாபம் இருக்கிறது. ஆனால் நாலு மணித்தியாலம் என்பது மிகை. குருநாகலுக்கு இப்பால் 165 கிலோமீற்றர் பழைய ஏ6தான்.

லாபம் பகல் பஸ்ஸுக்குத்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். இரவு பஸ் வேகமாகப் போனால் காலை 4 மணிக்குப் பதில் 3 மணிக்குப் புறக்கோட்டையில் இறக்கிவிடும். அங்கே நின்று என்ன செய்வது? புறப்படும் நேரத்தையும் பின்தள்ளினால்தான் அந்த ஒரு மணித்தியாலம் தூக்கமாக மாறும்.

பின்னோக்கி எண்ணுவது

பெரும்பாலானவர்கள் பயணத்தைத் திருகோணமலையிலிருந்து தொடங்கி யோசிக்கிறார்கள்: எத்தனை மணிக்கு பஸ், எத்தனை மணிக்கு ரயில். முடிவிடத்திலிருந்து யோசித்தால் பாதிச் சிரமம் போய்விடும்.

1. போக வேண்டிய கதவு எத்தனை மணிக்குத் திறக்கும்? அரச அலுவலகங்கள் பெரும்பாலும் 8.30. வைத்தியசாலைக் கிளினிக் என்றால் இலக்கம் கொடுப்பது அதற்கு முன்பே தொடங்கும்.
2. அந்தக் கதவுக்குக் கோட்டையிலிருந்து எப்படிப் போவது? பத்தரமுல்லைக்குப் புறக்கோட்டையிலிருந்து 170, கொள்ளுப்பிட்டியிலிருந்து 177. மகரகமவுக்கு 138. வெள்ளவத்தைக்கு காலி வீதி பஸ் 100, அல்லது கோட்டையிலிருந்தே கரையோர ரயில். சாமான் அதிகம் இல்லையென்றால் ரயில்தான் சுகம். காலை 7 மணிக்குப் பிறகு இந்த பஸ்கள் எல்லாம் நிரம்பி வழியும்.
3. இறங்குவதற்கும் கதவு திறப்பதற்கும் இடையில் எத்தனை மணித்தியாலம்? இங்கேதான் ரயில் வெல்கிறது. பஸ் அதிகாலை இருட்டில் தெருவில் விட்டுவிடும். ரயில் விடுவது ஒரு நிலையத்துக்குள். உட்கார இடம், கழிப்பறை, தேநீர் உண்டு. வயதானவரையோ நோயாளியையோ கூட்டிப்போனால் இந்த ஒரு காரணத்துக்காகவே ரயிலை எடுக்கலாம்.
4. கட்டுநாயக்க என்றால் கொழும்புக்குப் போகவே தேவையில்லை. குருநாகலில் இறங்கி நீர்கொழும்பு பஸ் எடுத்து, அங்கிருந்து விமான நிலையம் போகலாம். பயணப் பெட்டி இரண்டுக்கு மேல் என்றால் மட்டும் யோசியுங்கள்.

கடவுச்சீட்டுக்கு இன்னொரு கேள்வி முன்னால் நிற்கிறது: கொழும்பு தேவையா? வவுனியாவில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகச் சுமார் 95 கிலோமீற்றர். காலை போய் மாலை திரும்பலாம். பேசுவதற்கும் தமிழ் போதும். ஆனாலும் ஊரில் பாதிப் பேர் பத்தரமுல்லைக்கே பஸ் ஏறுகிறார்கள், பழக்கத்தால்.

திரும்பி வருவது

அலுவலகம் மூடுவது பின்னேரம் 4.15 அளவில். உடனே புறப்பட்டாலும் மாலை நெரிசலில் புறக்கோட்டைக்கு வர 6 மணியாகும். அப்போது பஸ் எடுத்தால் திருகோணமலையில் நள்ளிரவு கடந்துதான் இறங்குவீர்கள். நகரத்துக்குள் வீடு என்றால் ஓட்டோ பிடிக்கலாம். நிலாவெளி, குச்சவெளி, மூதூர் என்றால் விடியும்வரை உள்ளூர் பஸ் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து படகுக்குக் காத்திருக்கும் தொல்லை போனது. இரவில் வாகனம் கிடைக்காத தொல்லை அப்படியே இருக்கிறது. அப்படியானவர்கள் கொழும்பில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 10 மணிக்கு மேல் ஏறுவதே புத்தி.

வெள்ளி இரவும் போயா விடுமுறைக்கு முந்திய நாளும் வேறு கணக்கு. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிற கூட்டமும் அதே பஸ்ஸில்தான் வரும். அந்த நாட்களில் நேரடி 49 கிடைக்காவிட்டால் தம்புள்ளை வரையோ 48இல் ஹபரணை வரையோ வந்து மாறலாம் என்று சிலர் சொல்வார்கள். பகலில் நல்ல யோசனைதான். இரவு 11 மணிக்கு ஹபரணைச் சந்தியில் இறங்கினால் 49 வரும், ஆனால் நிரம்பி வரும், நிறுத்தாமலும் போகும். ஓட்டோக்காரரும் கந்தளாய் வரை வர மாட்டார், அந்த வீதியிலும் யானை நிற்கும். அப்படி ஒரு நிலை வந்தால் தம்புள்ளையிலேயே இறங்கி, சந்தைப் பக்கம் விடிய விடியத் திறந்திருக்கும் கடை ஒன்றில் இருந்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.